காகம் தொடாத குரக்கன் பிட்டு

காகம் குரக்கன் பிட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கிணற்றடி மதிலில் மூன்று காகங்கள் இருந்தன. மூன்றும் நல்ல தேகசுகமுள்ள காகங்கள். ஒன்று சிறகு கோதியது. ஒன்று பக்கத்து வளவைப் பார்த்தது. மூன்றாவது மட்டும் வாழையிலைத் துண்டில் கிடந்த கபில நிறக் கேழ்வரகுக் குவியலைத் தலை சரித்துப் பார்த்துவிட்டு, வேண்டாத சொந்தக்காரரைச் சந்தியில் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கா... கா..." என்று பத்மாவதி கூப்பிட்டாள். முதலில் கெஞ்சினாள். பிறகு அதட்டினாள்.

"அண்ணி, காகம் எடுக்குதில்லை."

"பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்," என்றாள் இரத்தினம்மா.

இரத்தினம்மாவின் புருசன் சீவரத்தினம் போய் அன்று எட்டாம் நாள். எட்டாம் நாளில், போனவருக்கு இருக்கும்போது எதெது விருப்பமோ அதெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் படைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. சாராயம் எடுத்தவருக்கு அரைப்போத்தல். அவர்களுடைய உடுவில் ஊரிலேயே ஒரு மனிதருக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டு வைத்துப் படைத்த கதையும் உண்டு. அதற்குப் பரிசு விழுந்ததா என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம். படைப்பதற்கு முதல் காகத்துக்கு ஒரு பிடி வைக்க வேண்டும். காகம் தொட்டால்தான் போனவர் சம்மதித்ததாக அர்த்தம். இது பத்மாவதியின் சட்டம். அவள் சீவரத்தினத்தின் ஒரே தங்கை. செத்தவீட்டுச் சட்டங்களில் அவளுக்கு மேல் ஒரு நீதிமன்றம் கிடையாது.

சீவரத்தினத்துக்கு எது விருப்பம் என்று யாரும் மண்டையை உடைக்கத் தேவையில்லை. அது அச்சில் இருந்தது. விவசாயப் போதனாசிரியராக இருந்தவர், இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு பேப்பரில் 'தட்டில் என்ன?' என்று எழுதி வந்தார். நாடியில் கைவைத்த படத்தோடு வரும். வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், தன்னுடைய ஒருநாள் சாப்பாட்டையே எழுதுவார். விடிய வெந்நீர். ஏழு மணிக்கு இலைக்கஞ்சி. பத்து மணிக்கு ஒரு கொய்யாக்காய், பழமல்ல. மத்தியானம் கையளவு சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலை வறையும். நாலு மணிக்குச் சீனியில்லாத பிளேன் ரீ. இரவில் குரக்கன் பிட்டு. மீனும் இறைச்சியும் விட்டுப் பதினெட்டு வருடம். சீனி என்ற சொல் வரும் இடத்தில் அவருடைய பேனா கொஞ்சம் அழுத்தமாகப் பதியும். பணிஸைப் பற்றி ஒருமுறை "மாவும் சீனியும் கூடி நடத்தும் சதி" என்று எழுதினார்; அதை வாசித்த பேக்கரி முதலாளி ஒருவர் ஒரு கிழமை சாப்பிடவில்லை என்று கேள்வி.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு டெங்கு நுளம்பு கொண்டுபோய்விட்டது. "இவ்வளவு பாத்துச் சாப்பிட்ட மனிசன்" என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஏதோ தங்களுக்கு நியாயம் கிடைத்ததுபோல, தந்த சோடாவை நிம்மதியாகக் குடித்தார்கள்.

ஒரே மகன் கஜீபன் லண்டனிலிருந்து வந்து கொள்ளி வைத்துவிட்டு, லீவு முடிந்து ஆறாம் நாளே போய்விட்டான். ஆகவே எட்டாம் நாள் காரியத்துக்கு இரத்தினம்மா, பத்மாவதி, மூன்று காகங்கள்.

பத்மாவதி முன் அறைக்குப் போய் இலையைப் பார்த்தாள். குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, அவித்த பயறு, ஒரு கொய்யாக்காய். இலையில் முக்கால்வாசி பச்சையாகவே கிடந்தது.

"ஆஸ்பத்திரி வாட்டிலை குடுத்த மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"அவர் திண்டது உதுதானே."

"அப்ப காகம் ஏன் தொடேல்லை? அண்ணை ஏதோ மனக்குறையோடைதான் போயிருக்கிறார்."

பத்மாவதி அதைச் சும்மா சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். இரத்தினம்மாவுக்கு அது நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்டது. முப்பத்துமூன்று வருடம் அந்த மனிதருக்குச் சாப்பாடு போட்ட கை அவளுடையது. ஒருநாள் உப்புக் கூட என்று சொன்னதில்லை, புளி குறைவு என்று சொன்னதில்லை. அப்படியிருந்தும் குறை என்றால் அது எங்கே இருந்தது? இன்றைக்கு ஒருநாள்தான் இருக்கிறது. இன்றைக்கு அவர் அவள் கையால் வயிறு நிறைய எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பத்மாவதி தேங்காய்ப்பூவோடு வந்து பிட்டின் மேல் தூவினாள். காகம் தேங்காய்ப்பூவை மட்டும் பொறுக்கிவிட்டு மதிலில் ஏறிவிட்டது.

"ஒரு கரண்டி சீனி போட்டுப் பாப்பமோ?"

"இந்த வீட்டிலை சீனி வாங்கி இருவது வரியம்," என்றாள் இரத்தினம்மா. போனை எடுத்தாள். "லெனாட் அண்ணையிட்டை ஒருக்கா கேட்டுப் பாக்கிறன்."

லெனாட் கடற்கரைப் பக்கத்துக் குருநகர்க்காரர். சீவரத்தினத்தோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். இரண்டு பேரும் பென்சன் எடுத்த பிறகும் சிநேகிதம் பென்சன் எடுக்கவில்லை. இரத்தினம்மா போனில் கேட்டாள்: "அண்ணை, உங்கடை சிநேகிதருக்குச் சாப்பாட்டிலை வேறை ஏதும் விருப்பம் இருந்ததோ?"

மறுபக்கத்தில் யாரோடோ குசுகுசுக்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி," என்றார் லெனாட் கடைசியில், "இது போனிலை கதைக்கிற விசயமில்லை. நாங்கள் வாறம்."

ஒரு மணித்தியாலத்தில் ஓட்டோ ஒன்று வந்து படலையில் நின்றது. லெனாட் இறங்குவதற்கு முதல் அவரோடு வந்த வாசம் இறங்கி உள்ளே வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி சிசிலியா, துணியால் வாய் கட்டிய பெரிய சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சிசிலியா அதிகம் பேசமாட்டாள். எங்கே போனாலும் முதலில் அகப்பை எங்கே என்றுதான் பார்ப்பாள்.

மதிலில் காகம் ஏழாகியது.

"இதென்ன அண்ணை?"

"கூழ்," என்றார் லெனாட், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"என்ன கூழ்?" என்று பத்மாவதி குறுக்கே வந்தாள்.

"ஒடியற்கூழ்தான் பிள்ளை. நண்டு, றால், திருக்கை, கொஞ்சம் கணவாய். எட்டெண்டு தெரிஞ்சு சிசிலியா விடியவே காச்சிப்போட்டா. கொண்டு வாறதோ விடுறதோ எண்டு எங்களுக்குள்ளை ஒரே வழக்கு. நீங்கள் போன் எடுத்தபடியாக் கொண்டந்தம்."

"அண்ணை மச்சம் விட்டுப் பதினெட்டு வரியம். பேப்பரிலையே எழுதினவர்."

"எழுதினவர்தான். ஆர் இல்லையெண்டது? எழுதினதைப் பேப்பர் கந்தோரிலை குடுத்திட்டு நேரை எங்கடை வீட்டைதான் வாறவர். வியாழக்கிழமை வியாழக்கிழமை."

"ஏன் வியாழன்?" என்று இரத்தினம்மா கேட்டாள். கேட்க வேறு எத்தனையோ இருக்க, அதுதான் வாயில் வந்தது.

"வெள்ளி சைவமெல்லோ. கொள்கை உள்ள மனிசன்."

"எவ்வளவு குடிப்பார்?"

லெனாட் சிசிலியாவைப் பார்த்தார். சிசிலியா நாலு விரலைக் காட்டினாள். பிறகு, செத்த மனிதரைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தவள்போல, மற்ற விரலையும் நிமிர்த்தினாள்.

இரத்தினம்மா கதிரையில் இருந்தாள். வியாழக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு வருவார். முகம் கழுவுவார். "இஞ்சரும், இண்டைக்கு எனக்குப் பசியில்லை, சுடுதண்ணி காணும்" என்பார். கிழமையில் ஒருநாள் இரவு வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது என்று அதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். உடுவிலில் அரைவாசிப் பெண்கள் அதற்குப் பிறகு வியாழன் இரவில் பட்டினி.

"காகத்துக்கு ஒரு சொட்டு வைச்சுப் பாப்பம்," என்றாள் பத்மாவதி. காகம் தொடாது, அதோடு இந்தக் கதை முடியும் என்பது அவளுடைய கணக்கு.

சிசிலியா ஓர் அகப்பைக் கூழை இலைத்துண்டில் வார்த்தாள். அவள் கை எடுப்பதற்குள் ஏழு காகமும் இறங்கிவிட்டன. ஒன்று திருக்கைத் துண்டோடு பறந்தது. மற்றவை இலையையும் கிழித்துத் தின்றன.

பத்மாவதி தன்னுடைய சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டாள். படைக்காமல் விட முடியாது. சைவ இலைக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. கடைசியில் பின்விறாந்தையில் இன்னோர் இலை போட்டார்கள். முன் அறையில் கட்டுரை எழுதிய சீவரத்தினம், பின்விறாந்தையில் கூழ் குடித்த சீவரத்தினம்.

"இரண்டு இலைக்கும் ஒரு குத்துவிளக்குக் காணுமோ?" என்று லெனாட் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னொழுங்கையில் பாட்டுக் கேட்டது. பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு. கிட்டக் கிட்ட வந்து, பின்மதிலோடு நின்று, அங்கேயே பாடிக்கொண்டிருந்தது.

பத்மாவதிக்கு ஆத்திரத்தைக் கொட்ட ஓர் இடம் கிடைத்தது. "உவனுக்கு அறிவில்லையோ? செத்தவீடெண்டு தெரியாதோ?" என்று பின்படலையைத் திறந்தாள். பாட்டு உடனே நின்றது. நரைத்த மீசையோடு பாண்காரர் யாகப்பு கையில் ஒரு கடதாசிப் பையை வைத்துக்கொண்டு நின்றார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. கை பழக்கத்திலை பாட்டைப் போட்டுட்டுது. ஐயாவின்ரை எட்டெண்டு கேள்விப்பட்டன்."

"அதுக்கு?"

"விருப்பமானது வைக்கிறதெல்லோ. என்ரை பங்குக்கு."

பையை விரித்தார். உள்ளே இரண்டு கிம்புலா பணிஸ். முதலை மாதிரி நீட்டுக்கு, மேலெல்லாம் சீனி மினுங்கிக்கொண்டு கிடந்தன.

"எங்கடை அண்ணை பணிஸ் தின்னமாட்டார்," என்றாள் பத்மாவதி. குரலில் முந்திய உறுதி இல்லை.

"நானும் அப்பிடித்தான் அம்மா நினைச்சனான். பன்னிரண்டு வரியமா இந்த ஒழுங்கை. பின்னேரம் நாலு மணிக்கு இதிலை வந்து நிப்பாட்டினால், மதிலுக்கு மேலாலை ஒரு கை வரும். ரெண்டு பணிஸ் வைப்பன். கை உள்ளை போயிடும். முகம் வராது, கதை வராது. முதல் ஒரு வரியம் அது ஆற்றை கையெண்டே எனக்குத் தெரியாது. பேந்து ஒருநாள் பேப்பரிலை பணிஸ் சுத்திக் குடுக்கேக்கை பாக்கிறன், நாடியிலை வைச்சபடி அதே கை. அதே மணிக்கூடு."

பத்மாவதி கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள்.

இரத்தினம்மாவுக்கு நாலு மணிகள் ஞாபகம் வந்தன. கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். அவள் வெறும் தேத்தண்ணியைக் கொடுப்பாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி இல்லாமலே என்ன இனிமையப்பா" என்பார். அவளும் அதை நம்பி ஒரு மிடறு குடித்துப் பார்ப்பாள். கசக்கும். தன்னுடைய நாக்கில்தான் பிழை என்று பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தாள்.

"பணிஸை எந்த இலையிலை வைக்கிறது?" என்று லெனாட் கேட்டார். "மச்சமுமில்லை, கட்டுரையுமில்லை."

மூன்றாவது இலை வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது முன்படலையில் மணிச்சத்தம் கேட்டது.

"ஐயோ, குணம் ரீச்சர்," என்றாள் இரத்தினம்மா.

குணலட்சுமி ரீச்சர் உடுவில் சத்துணவு வட்டத்தின் தலைவி. சலரோகக்காரி, சீனி வருத்தம். பதினொரு வருடத்துக்கு முன்னம் மூன்று நேரம் குளிசை போட்டவர், சீவரத்தினத்தின் கட்டுரைகளை வெட்டி ஒட்டி, வரிக்கு வரி அதன்படி நடந்து, இப்போது ஒரு நேரக் குளிசைக்கு வந்திருந்தார். வட்டத்தில் இன்னும் முப்பது பெண்கள். "ஐயா சொன்னவர்" என்றால் அங்கே மறுபேச்சு இல்லை.

"ரீச்சருக்குத் தெரிஞ்சுதோ, நாளைக்கே முப்பது பேரும் சீனிப் போத்தலைத் திறந்திடுவினம்," என்றாள் பத்மாவதி. கூழையும் பணிஸையும் இவ்வளவு நேரமும் எதிர்த்தவள், இப்போது எல்லாருக்கும் முதல் எழும்பிப் பணிஸ் பையைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சிசிலியா சட்டியை மூடினாள். யாகப்புவைப் போகச் சொல்ல நேரமில்லை. அவர் ஓர் உறவுக்காரரைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குணலட்சுமி ரீச்சர் முளைகட்டிய பயறு ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்திருந்தார். முன் அறை இலையைப் பார்த்துக் கண் கலங்கினார். "வாழ்ந்த மாதிரியே கிடக்கு," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "பின்னுக்கு என்ன வாசம்?"

"மூலிகைக் கஞ்சி," என்றாள் பத்மாவதி.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூலிகை என்ற சொல்லைக் கேட்டால் ரீச்சருக்குக் கால் நிற்காது. பின்விறாந்தைக்கு வந்தார். கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"ஐயா எழுதாத கஞ்சி போலை கிடக்கு. என்னென்ன போடுறது?"

எல்லாரும் லெனாட்டைப் பார்த்தார்கள். லெனாட் பொய் சொல்லத் தெரியாத மனிதர். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "பனங்கிழங்கு ஒடியல் மா... முருங்கையிலை... பயற்றங்காய்... பலாக்கொட்டை... மரவள்ளிக் கிழங்கு..." ஐந்து விரலும் முடிந்தன. மற்றக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. மிச்சத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"நல்ல நார்ச்சத்து," என்று ரீச்சர் எழுதிக்கொண்டார். "புரதத்துக்கு?"

"அதுவும் கிடக்கு," என்றார் லெனாட்.

"ஒருக்கா பாப்பம்." ரீச்சர் மூடியைத் தூக்கினார்.

கூழுக்கு மேலால் ஒரு நண்டுக்கால் நிமிர்ந்து நின்றது, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை உயர்த்துவதுபோல.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கால் அப்படியே நின்றது.

"இது என்ன மூலிகை?"

"கடற்கரைப் பக்கத்திலை முளைக்கிறது," என்றார் யாகப்பு, உதவி செய்யும் நோக்கத்தோடு.

அந்த இடைவெளியில் ஒரு காகம் பத்மாவதியின் முதுகுப் பக்கமாக வந்து பையை இழுத்தது. பை கிழிந்தது. ஒரு பணிஸ் காகத்தோடு போனது. மற்றது நிலத்தில் விழுந்து, சீனி சிந்த, ரீச்சரின் காலடியில் போய் நின்றது.

இனி ஒளிக்க எதுவும் இல்லை. இரத்தினம்மா எழும்பி வந்தாள்.

"ரீச்சர், நானும் இண்டைக்குத்தான் அறிஞ்சனான். அவர் வியாழனிலை கூழ் குடிச்சிருக்கிறார். பின்னேரத்திலை பணிஸ் திண்டிருக்கிறார். எழுதினது வேறை, திண்டது வேறை."

ரீச்சர் விறாந்தை வாங்கில் மெல்ல இருந்தார். "பதினொரு வரியம். வியாழன் இரவிலை நான் வெறும் சுடுதண்ணியோடை படுத்தனான்."

"சீவாவும் சுடுதண்ணிதான் குடிச்சவர்," என்று லெனாட் ஆறுதல் சொன்னார். "கூழுக்கு மேலாலை."

ரீச்சருடைய வாய் துடித்தது. அழப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், பிறகு கொப்பி கையிலிருந்து விழுகிற அளவுக்கு. லெனாட்டும் சிரித்தார். யாகப்பு மீசைக்குள் சிரித்தார். பத்மாவதிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குளிசை குறைஞ்சது மெய்தானே," என்றார் ரீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் திண்டது அவற்றை வயித்துக்குள்ளை. நான் தின்னாமல் விட்டது என்ரை வயித்துக்குள்ளை. பணிஸின்ரை ருசி தெரியாத ஒருத்தர் பணிஸ் கூடாதெண்டு இருவத்திரண்டு வரியம் எழுதியிருக்க ஏலுமே? எனக்கு அப்பவே ஒரு சமுசயம். ஒவ்வொரு முறையும் அதிலை சீனி எந்தப் பக்கம் கூட எண்டதுவரை எழுதுவார்."

வட்டத்துக்கு எதுவும் சொல்வதில்லை என்று முடிவாகியது. பணிஸ் மூன்றாவது இலைக்குப் போனது, மண்ணை ஊதித் தட்டிவிட்டு. பத்மாவதி விளக்கேற்றினாள். காரியம் ஒருவழியாக ஒப்பேறும்போலிருந்தது.

இரத்தினம்மா மட்டும் சிரிக்கவில்லை. முன் அறை வாசலில் நின்று, அந்தக் குரக்கன் பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?" என்றாள் பத்மாவதி.

"ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோவன்."

"எனக்குக் குரக்கன் துண்டறப் பிடிக்காது," என்றாள் இரத்தினம்மா.

ரீச்சர் விழுந்த கொப்பியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தொண்டையாலை இறங்காது. சின்ன வயசிலையே இறங்காது. நாங்கள் கட்டினது தொண்ணூற்றிரண்டிலை. சண்டையிலை பாதை பூட்டுப்பட்டுக் கிடந்த காலம். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மா கண்ணாலை காண ஏலாது. ஜாம் போத்தலிலை திரி போட்டு விளக்கு. கலியாணம் முடிஞ்சு எங்கடை வீட்டிலை அவருக்கு முதல் சாப்பாடு. அம்மா ஊரெல்லாம் திரிஞ்சு ஒரு கொத்துக் குரக்கன்தான் கொண்டந்தா. நான் திருகையிலை அரைச்சு அவிச்சன். புது மாப்பிளைக்கு வீட்டிலை மா இல்லையெண்டு சொல்ல எனக்கு வெக்கம். எனக்கு இதுதான் விருப்பம், அதுதான் அவிச்சனான் எண்டு ஏதோ வாயிலை வந்ததைச் சொல்லி, அவருக்கு முன்னாலை இருந்து ரெண்டு கோப்பை திண்டன். அவர் பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு முழுக்கத் திண்டார். திண்டுட்டு, 'இஞ்சரும், இன்னும் கொஞ்சம் போடும்' எண்டார்."

அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இளகியது. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவருடைய தொண்டை ஏறி இறங்கியதும், மூன்று செம்பு தண்ணீர் குடித்ததும், அது ருசியின் அடையாளம் என்று தான் மகிழ்ந்ததும் அவளுக்கு முன்னால் அப்படியே நின்றன. சைக்கிளில் அவளை முன்னால் வைத்து மிதித்த காலம். சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்த காலம். ஒன்றும் இல்லாத அந்த நாட்களில்தான் அவர்கள் அதிகம் சிரித்திருக்கிறார்கள்.

"அதுக்குப் பிறகு மா வந்துது. சீனி வந்துது. பாதை திறந்துது. ஊரெல்லாம் வெள்ளை மாவிலை அவிச்சுது. அவருக்கு விருப்பமெண்டு நான் மட்டும் குரக்கனையே கிண்டிக்கொண்டு நிண்டன். மச்சாள், உனக்கு ஞாபகமிருக்கோ, பாதை திறந்த வரியம், இருவத்துமூண்டு வரியத்துக்கு முதல், உன்ரை மகளின்ரை சாமத்தியச் சடங்கிலை, சபையிலை வைச்சு நீ என்னைக் கேட்டது?"

பத்மாவதி தலையைக் குனிந்தாள். "'அண்ணி இன்னும் பங்கருக்குள்ளைதான் இருக்கிறா போலை, எங்கடை அண்ணைக்கு இன்னும் குரக்கன்தானாம்' எண்டு... பகிடிக்குத்தான் சொன்னனான்."

"எல்லாரும் சிரிச்சவை. வீட்டை வரும்வரைக்கும் சைக்கிளிலை இருந்து அழுதுகொண்டு வந்தன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. சரி, ஆர் சிரிச்சாலென்ன, அந்த மனிசனுக்கு விருப்பம்தானே எண்டு மற்ற நாளும் அதையே அவிச்சன். முப்பத்துமூண்டு வரியம் நானும் சேந்து விழுங்கினன். இண்டைக்குப் பாத்தா அவருக்கும் அது பிடிக்கேல்லை. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ? என்ரை கைச்சாப்பாட்டைத் தின்ன ஏலாமல் மதிலுக்கு மேலாலை கை நீட்டித் திண்டிருக்கிறார். நான் அவரைப் பட்டினி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். லெனாட் ஒரு கதிரையை அவளுக்குக் கிட்ட நகர்த்தினார். ரீச்சர் கொப்பியை மூடினார். யாகப்பு மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

சிசிலியா மட்டும் அகப்பையைச் சட்டி விளிம்பில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"அக்கா, கூழ் குடிக்கிற நேரமெல்லாம் அண்ணைக்கு ஒரே கதைதான்: 'இரத்தினத்துக்குக் குரக்கனெண்டா உயிர் பிள்ளை, அதைச் சபையிலை வைச்சுச் சிரிச்சுப்போட்டினம், இனி ஒருத்தரும் அவவைப் பாத்துச் சிரிக்கக்கூடாதெண்டுதான் நான் பேப்பருக்கு எழுதவே வெளிக்கிட்டனான்.'"